கண்ணாடித் தொட்டியில் நாலறிவுயிர்

ஓருயிரை அன்போடு பேணி வளர்ப்பது ஜீவதயையா, அல்லது அதனைச் சிறையிட்டு வைக்கும் குற்றமா? கறவைப் பசுவைப் பற்றி இவ்வினாவை நம் இல்லங்களில் எவரும் எழுப்புவதில்லை. கூண்டுக்கிளியைப் பற்றி எழுப்பி, பெரும்பாலோர் வேண்டாம் என்று விடை கண்டு விட்டோம். இப்பொழுது அது நன்னீர் இறாலைப் பற்றி எழுந்துள்ளது.

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நமக்கு மருமகள் முறையாகும் ஒரு பெண்ணின் மகன், எட்டாம் வகுப்பு மாணவன், தன் நண்பனிடமிருந்து பத்துச் செந்நிற இறால்களைப் பெற விரும்பினான். “அத்தை, இது நமக்கு ஆகுமா?” என்று அப்பெண் நம்மைக் கேட்டாள். சிறுவன் சொன்ன வேறொரு செய்திதான் நம்மை அதிகம் சிந்திக்க வைத்தது. “முதல் தடவை வாங்குவது செத்துப் போகும், இரண்டாம் தடவை சரியாகிவிடும்” என்று அவனுக்குச் சொல்லப்பட்டிருந்ததாம். பழகுவதற்காகப் பத்து உயிர்களைச் செலவிடலாம் என்னும் இக்கணக்கு எந்த அறத்தில் அடங்கும்?

இறால் என்றவுடன் நம்மவருக்கு நினைவில் வருவது கடற்கரைப் பண்ணைகளே. சர்வோதயத் தொண்டர் எஸ். ஜெகந்நாதன் அவர்கள் தொடுத்த வழக்கில் 11-12-1996 அன்று உச்ச நீதிமன்றம் அப்பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்ததை முதியோர் அறிவர். அங்கே வாதம் நிலத்தையும் குடிநீரையும் பற்றியது. இறாலின் உயிரைப் பற்றியதன்று. நாம் பேசப்போகும் இறால் உண்பதற்குரியதும் அன்று. தைவானையும் சீனத்தையும் தாயகமாகக் கொண்ட, ஏறத்தாழ ஓர் அங்குல அளவுடைய சிற்றுயிர். இயற்கையில் அது பழுப்பும் கண்ணாடி நிறமுமாக இருக்கும். சிவந்தவற்றையே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து இணைத்ததால் வந்தது இச்செந்நிறம்.

இதற்கு எத்தனை அறிவு? நன்னூலைப் பாடமாகச் சொல்லிக் கொடுத்த நமக்கு விடை தொலைவில் இல்லை. பவணந்தி முனிவர் வண்டை நாலறிவுயிர்களில் வைத்தார். தொல்காப்பியர் மரபியலில் நண்டும் அவ்விடத்தேதான் நிற்கிறது. இறால் நண்டின் இனம். அதற்கும் ஊறும் சுவையும் நாற்றமும் கண்ணும் உண்டு. மேலை நாட்டார் இம்முடிவுக்கு மெல்லத்தான் வந்தனர். இறாலின் ஒற்றை உணர்கொம்பில் காடித் துளியைத் தடவியபோது, அது அக்கொம்பையே நெடுநேரம் தடவியும் தொட்டிச் சுவரில் தேய்த்தும் கொண்டது என்று பெல்ஃபாஸ்ட் ஆய்வாளர் 2008-இல் எழுதினர். (அவ்வாய்வு நடத்திய முறை நமக்கு ஒப்புதல் அன்று.) 2022-இல் பிரிட்டன் இயற்றிய சட்டம் நண்டும் இறாலும் உணர்வுடைய உயிர்கள் என ஏற்றுக் கொண்டது. நம் பிள்ளைகள் இதனைப் புதுமையாகக் கருதாமல் இருப்பார்களாக.

இனி, அறியாமையால் நேரும் சாவு குற்றமாகுமா என்பதைக் காண்போம். தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாமி ஆசாரியர் ஹிம்சைக்கு இலக்கணம் கூறுங்கால், பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிரைப் பிரித்தல் என்றார். இன்று நாம் ‘பிரமாதம்’ என்று பாராட்டுகிறோம். ஆகமத்தில் அச்சொல்லுக்குப் பொருள் அசட்டை. ஆகவே எண்ணிக் கொன்றானா என்பது மட்டும் கேள்வியன்று. விழிப்போடு இருந்தானா என்பதும் கேள்வி. அறிந்து கொள்ள வழியிருந்தும் அறியாமல் தொடங்குபவனை அறியாமை காப்பாற்றாது.

இறால் வளர்ப்பில் அறிய வேண்டுவதோ மிகக் கொஞ்சம். கடினமாக இருப்பது காத்திருத்தல் ஒன்றே. இறாலின் கழிவும் தின்னாமல் மிஞ்சிய உணவும் நீரில் அழுகி அம்மோனியா ஆகின்றன. கண்ணுக்குப் புலனாகாத ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், வேறொருவகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் இறாலுக்கு நஞ்சு. மூன்றாவதைச் சிறு அளவில் பொறுத்துக் கொள்ளும். பாசியும் செடியும் அதனை ஈர்த்துக் கொள்ளும். புதுத் தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் போதிய அளவில் இரா. அவை பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை இறாலின்றி, சிட்டிகை உணவு மட்டும் இட்டு, காற்றுக் குழாயோடு பஞ்சு வடிகட்டியை ஓட விட வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று சோதனைத் திரவம் காட்டிய பின்னரே உயிரை விடலாம். தொட்டியையும் இறாலையும் ஒரே நாளில் வாங்கி வருவோரின் ‘முதல் தொகுதி’ ஏன் மடிகிறது என்பது இப்போது விளங்கும். அது விதியன்று, அவசரம்.

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் நாம் பயின்ற காலத்தும், பின் பயிற்றுவித்த காலத்தும், மாணவ ஆசிரியரை நேரே வகுப்பில் தனியே விட்டதில்லை. பாடக்குறிப்பு எழுதி, மூத்த ஆசிரியரின் மாதிரிப் பாடத்தைப் பார்த்து, பின்னரே சாக்குக்கட்டி கையில் கொடுக்கப்படும். முதல் வகுப்புப் பிள்ளைகள் வீணானாலும் அடுத்த ஆண்டு கற்றுக் கொள்வார் என்று எவரும் சொன்னதில்லை.

நம் வீட்டுப் பழக்கங்களிலேயே சில இவ்வுயிருக்குப் பகையாவன. செம்புக் குடத்து நீர் நமக்கு நலம் என்று வைத்திருப்போம். செம்பு இறாலுக்குக் கொடிய நஞ்சு. கொசுவர்த்திப் புகையும் பூச்சிக்கொல்லித் தெளிப்பும் அவ்வாறே. குழாய்நீரை ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் அகன்ற பின்னரே ஊற்றுதல் வேண்டும். நம் பக்கத்துக் கோடையில் முப்பது பாகையைத் தாண்டும் நீரில் இறால் வருந்தும். நிழலான மூலையும் நீர்ப்பரப்பின் மேல் மின்விசிறிக் காற்றும் வேண்டும். தொட்டி இருபது லிட்டருக்குக் குறைதல் கூடாது. கடை உணவில் மீன்மாவு கலந்திருக்கும் என்பதையும் சாவகக் குடும்பம் மறக்கலாகாது. வெந்த கீரையும், உலர்ந்த நாட்டுவாதுமை இலையும், அவ்விலைமேல் படரும் நுண்படலமும் போதும்.

இத்தனையும் செவ்வனே செய்தால் குற்றமில்லையா? சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டகம் கொல்லாமை விரதத்தின் மாசுகளாக ஐந்தினைக் கூறும். அருங்கலச்செப்பு வழியாகத் தமிழரும் இவற்றைக் கற்றனர். உறுப்பறுத்தல், கட்டி வைத்தல், துன்புறுத்தல், மிகைப்பாரம் ஏற்றல், உணவு மறுத்தல் என்பன அவை. கண்ணாடிச் சுவர் கட்டி வைத்தல் அன்று என்று நம்மால் வாதாட இயலவில்லை. அன்றியும், பயனின்றி நீரையும் நெருப்பையும் காற்றையும் கையாள்வதை அந்நூல் அனர்த்ததண்டத்தில் சேர்க்கிறது. கூடத்தில் அழகுக்காக ஒரு தொட்டி என்றால், அது அதிலேதான் அடங்கும். நிறம் மங்கியவற்றைக் கழித்தே வண்ண வகைகள் காக்கப்படுகின்றன என்பதையும் நோக்கினால், கடையில் விலை கொடுத்து வாங்குதல் நமக்கு ஆகாது என்பதே நம் துணிபு. சென்னைக் கொளத்தூர்ச் சந்தையில் வயிறு வளர்ப்போரை இழித்துரைப்பது நம் நோக்கமன்று. நாம் நமக்கே எல்லை வகுக்கிறோம்.

“கோமுகி ஆற்றில் விட்டுவிட்டால் புண்ணியமன்றோ?” என்று சிலர் கேட்டனர். அன்று. வெள்ளத்திலும் மீன்வாயிலும் அவற்றிற் பல மடியும். தப்பியவை பெருகினால் ஆற்றின் சொந்த உயிர்களோடு இடத்துக்கும் இரைக்கும் போட்டியிடும். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் இவ்வினம் தாயகம் அல்லாத நீர்நிலைகளில் நிலைத்து விட்டது. நம் முன்னோர் நீரை வடிகட்டியபின் துணியில் தங்கிய உயிர்களை எந்தக் கிணற்றில் மொண்டார்களோ அந்தக் கிணற்றிலேயே சேர்த்தார்கள். வேறு கிணற்றில் விடுவதையும் தவிர்த்த அந்நுட்பம் இங்கே எண்ணத்தக்கது.

வேறொரு மறுப்பும் வந்தது. 2024 ஜூன் மாதத்தில் நஞ்சுச் சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட துயரத்தில் இவ்வூர்ப் பெயர் நாடெங்கும் அறியப்பட்டது. மனித உயிர் அவ்வாறு போன இடத்தில் இறாலுக்கு இரங்குவதா என்றனர். கேட்டவர் மீது நமக்குச் சினமில்லை. ஆனால் அத்துயருக்கும் வேர், பிறர் உடலில் என்ன நேரும் என்று எண்ணாத அசட்டையன்றோ? அதனைச் சிறுவன் ஒருவன் தொட்டியருகே விலக்கப் பழகினால், மனிதர்பால் இரக்கம் குறைந்துவிடாது.

நண்பன் வீட்டுத் தொட்டியில் இறால் மிகுந்து போயிற்று. அவர்கள் பத்தினைக் கடைக்குக் கொடுக்க இருந்தனர். ஆகையால் வாங்குதல் இன்றி, அடைக்கலமாக ஏற்கலாம் என்று நாம் கூறினோம். இரண்டு நிபந்தனை இட்டோம். ஆறு வாரம் தொட்டி வெறுமையாக ஓட வேண்டும். பின்னர் இறாலைப் புதுநீருக்குப் பழக்கச் சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரம் நீர் சேர்க்க வேண்டும். இனப்பெருக்கம் பற்றியும் பையனிடம் பேசினோம். ஒரு தாய் இருபது முப்பது முட்டைகளை வயிற்றடியில் மூன்று நான்கு வாரம் சுமக்கும். உணவு மிகுந்தால் இனமும் மிகும். ஆதலால் இரண்டு நாளைக்கு ஒருமுறை சிறிதளவே இடுதல் நன்று. மிகுந்தவை கடைக்குச் செல்லக் கூடாது. இப்பொழுது நான்காம் வாரம் நடக்கிறது. நைட்ரைட் இன்னும் இறங்கவில்லை. பையன் நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதி வருகிறான்.