கழற்ற முடிந்த மூக்கு

உதட்டைத் தடிப்பாக்கி எடுப்பாகக் காட்ட ஊசி ஏற்றிக்கொள்வது மார்க்கத்தில் ஆகுமா, ஆகாதா என்னும் கேள்வி இன்று நம் இல்லங்களிலும் எழுகின்றது. விடை கூறப் புகுவோர் நோக்கம் ஒன்றையே அளவுகோலாகக் கொள்கின்றனர். அழகுக்காகப் பல்லை அராவி இடைவெளி உண்டாக்குவோரை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடிந்ததாக இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். மறுபுறம், குலாப் போரில் மூக்கிழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியால் மூக்குச் செய்து பொருத்தினார்கள். அது நாற்றமெடுக்கவே, பொன்னால் செய்துகொள்ளுமாறு நபியவர்கள் பணித்தார்கள். ஆடவர்க்குப் பொன்னணி விலக்கப்பட்டிருந்தும் இந்த அனுமதி! குறையை நிறைப்பது வேறு, நிறைந்திருப்பதை மாற்றுவது வேறு என்று அறிஞர்கள் இவற்றிலிருந்து முடிவு காண்பர்.

முடிவு சரியே. ஆயினும் அர்ஃபஜாவின் செய்தியில் நாம் கவனியாது கடந்துபோகும் ஒன்று உண்டு. கெட்டுப்போன வெள்ளி மூக்கைக் கழற்ற முடிந்தது.

உதட்டில் ஏற்றுவதைக் கழற்ற இயலுமா? இன்று பெரிதும் பயன்படுவது ஹயலூரோனிக் அமிலக் கூழ். நம் தோலிலேயே இயற்கையாய் உள்ள பொருள்தான், நாளடைவில் கரையும், அவசரமெனில் ஹயலூரோனிடேஸ் என்னும் நொதியைச் செலுத்திக் கரைக்கலாம். அப்படியிருந்தும் ஊசிமுனை தவறித் தமனிக்குள் கூழ் புகுந்துவிட்டால் இரத்தவோட்டம் அடைபடும். தோல் வெளுக்கும், பின் நீலம் பாரிக்கும். விரைந்து மாற்று மருந்து செலுத்தாவிடின் தசை அழியும். அரிதாகக் கண்ணொளியே பறிபோனதுமுண்டு. சிலிகோன் திரவத்தின் கதை வேறு. அதைக் கரைக்கும் மருந்தே கிடையாது. ஆண்டுகள் பல கழிந்தபின்னும் உடல் அதைச் சுற்றிக் கட்டிகளை எழுப்பும். அவற்றை அகற்றப் போனால் உதட்டின் நல்ல தசையையும் சேர்த்து அறுக்க நேரும்.

இப்பாடம் புதிதன்று. 1899இல் வியன்னா மருத்துவர் ராபர்ட் கெர்சுனி, நோயால் உறுப்பிழந்த ஒருவருக்கு வாஸ்லினை ஊசிவழி ஏற்றி வடிவம் தந்தார். நோக்கம் குறை நீக்கலே, அளவுகோலின்படி குற்றமில்லை. வெகுவிரைவில் பாரஃபின் மெழுகையும் முகச்சுருக்கத்திற்கும் மூக்கின் எடுப்பிற்கும் ஏற்றலாயினர். மெழுகு இடம்பெயர்ந்தது, கட்டிகள் முளைத்தன. நோக்கம் நல்லதா தீயதா என்று உடல் விசாரிக்கவில்லை.

வாஸ்லின் என்றதும் நமக்குக் கோடைக்கானல் நினைவு வருகின்றது. அதை ஆக்கியவரின் பெயர் தாங்கிய சீஸ்ப்ரோ-பாண்ட்ஸ் நிறுவனந்தான் 1983இல் பழனிமலையின் அந்நகரில் பாதரச வெப்பமானி ஆலையைத் தொடங்கியது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் வசமாயிற்று. பாதரசம் படிந்த கண்ணாடிச் சில்லுகள் பழைய சாமான் கடையொன்றில் அகப்பட, 2001இல் ஆலை மூடப்பட்டது. அங்கு உழைத்தோர் அழகு வேண்டி எதையும் ஏற்றிக்கொண்டவரல்லர். வேலை செய்யும்போது மூச்சுவிட்டார்கள், அவ்வளவே. பாதரச ஆவியால் நோயுற்றோம் என அவர்கள் முறையிட, நிறுவனம் மறுத்துவந்தது. முன்னாள் தொழிலாளர் 591 பேருக்குத் தொகை வழங்க அது உடன்பட்டது 2016இல். கோடை ஏரி மீன்களிலும் பாதரசம் இருந்ததை ஆய்வாளர் கண்டனர். ஏரியிலிருந்து அதைக் கழற்றுவது எங்ஙனம்?

தீங்கிழைப்பதும் ஆகாது, பதிலுக்குத் தீங்கிழைப்பதும் ஆகாது என்பது நம் சட்ட நூல்களின் அடிப்படை விதி. அதை முன்னிறுத்தினால், நோக்கத்தோடு பொருளையும் விசாரிக்க வேண்டியவராகிறோம். ஆகுமா என்று கேட்டுவரும் பெண்ணிடம் 'எதற்காக?' என்று வினவும் ஆலிம் பெருமக்கள், 'ஏற்றப்போவது எந்தப் பொருள்? கரைக்கும் மருந்து அதே அறையில் இருக்கின்றதா?' என்றும் வினவுதல் நலம். மருத்துவரல்லாதார் ஊசி பிடிக்கும் அழகு நிலையங்களில் இரண்டாவது கேள்விக்கு விடை கிடைப்பது அரிது.