உத்தரம் உள்ள அறை

பாஸாவ் நகரிலிருந்து வியன்னா வரை, டான்யூப் ஆற்றோரமாகச் சுமார் 320 கிலோமீட்டர். பலர் ஒரு வாரத்தில் முடித்துவிடுகிற சைக்கிள் பாதை. எங்களுக்குப் பின்னால் டிரெய்லரில் 10 மாதப் பாப்பா. பகலில் இரண்டு முறை தூங்குவாள். அந்த இரண்டு தூக்கமும் போகிற தூரம்தான் எங்கள் தூரம்: 25 கிலோமீட்டர், மிஞ்சினால் 30.

*

முதல் இரவு, தேவாலயத்தை ஒட்டிய அறை. படத்தில் அந்தக் கோபுரத்தைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டேன். இந்தப் பக்கத்துச் சில ஊர்களில் கால் மணிக்கொரு தரம் மணி அடிக்கும், ராத்திரியிலும். இரண்டேகாலுக்கு விழித்தவளைத் தோளில் போட்டுக்கொண்டு விடியும்வரை நடந்தேன். இப்போதெல்லாம் வரைபடத்தில் முதலில் கோபுரத்தைத் தேடுகிறேன், அடுத்து ரயில் தண்டவாளத்தை. இரண்டுக்கும் தள்ளி இருக்கிற வீடே எங்கள் வீடு.

*

ஜூன் மாதம். ஒன்பது மணிக்குத்தான் பொழுது சாய்கிறது, பாப்பாவுக்கு ஏழு மணிக்கே கண் சொருகும். "திரைச்சீலை கெட்டியா இருக்குமா?" என்று போனில் கேட்கக் கூச்சமாக இருந்தது. இப்போது கூசாமல் கேட்கிறேன். மாடிப்படி எத்தனை, டிரெய்லரை எங்கே பூட்டி வைக்கலாம், பாட்டில் கழுவ வெந்நீர் கிடைக்குமா, அன்றைக்குச் சமையலறை உண்டா. விடுதிகள் பலவற்றில் வாரத்தில் ஒரு நாள் அடுப்பு மூட்டுவதில்லை.

*

கட்டிலைவிடத் தரை முக்கியம். பகலெல்லாம் வாரில் கட்டுண்டு வந்தவளுக்குத் தவழ இடம் வேண்டும். அறைக்குள் போனதும் நாற்காலிகளை ஓரங்கட்டுகிறோம். மூன்று மணிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் அவளுக்கும் ஒரு சாயங்காலம் கிடைக்கிறது.

*

பாஸாவ் நகர மன்றச் சுவரில் வெள்ளம் ஏறிய உயரங்களை ஆண்டு போட்டுக் குறித்திருக்கிறார்கள். 2013 ஜூனில் 12.89 மீட்டர். அண்ணாந்து பார்த்தபோது அடிவயிறு கலங்கியது. வழியில் பல பண்ணை வீடுகள் மேட்டில் இருப்பதன் நியாயம் அதனால் பிடிபட்டது. பாதையிலிருந்து ஒரே கிலோமீட்டர் என்பார்கள். அந்த ஒரு கிலோமீட்டர் முழுக்க ஏற்றம்.

*

ஷ்லோகன் அருகே டான்யூப் மலைகளுக்கிடையே திரும்பி வந்த திசைக்கே போகிறது. வீடுகள் குறைவு, ரயிலும் இல்லை. அந்த ஓர் இரவுக்கு மட்டும் கிளம்புவதற்கு முன்பே இடம் சொல்லி வைத்தோம். மற்றதையெல்லாம் காலையில் அவள் முகத்தைப் பார்த்து முடிவு செய்தோம். எல்லா இரவுகளையும் முன்கூட்டியே பூட்டிவிட்டால், காய்ச்சல் வந்த நாளிலும் ஓட்டியாக வேண்டும். அது எனக்குச் சம்மதமில்லை.

*

கிரைன் தாண்டி, ஒரு பண்ணை வீடு. 'அறை காலி' என்ற பலகையைப் பார்த்து ஏறினோம். வீட்டுக்காரப் பாட்டி கதவைத் திறந்ததும் என் கண் மேலே போயிற்று. குறுக்கே கனத்த மர உத்தரம்.

அரைகுறை ஜெர்மனிலும் சைகையிலும் கேட்டேன். பாட்டிக்குப் புரியவில்லை. பையிலிருந்து அம்மாவின் நூல் சேலையை எடுத்து விரித்துக் காட்டினேன். ஓடிப்போய் ஏணி கொண்டுவந்தார். என் கணவர் சேலையை உத்தரத்தில் கட்டி, முடிச்சில் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தார். பிறகுதான் பாப்பாவைத் தூளியில் கிடத்தினேன். ஊரைவிட்டு வந்தபின் முதல்முறையாக விடியும்வரை தூங்கினாள்.

காலையில் சேலையை அவிழ்க்கும்போது உத்தரத்துத் தூசு மடிப்பில் ஒரு கோடாக ஒட்டியிருந்தது. உதறாமல் மடித்து வைத்துக்கொண்டேன்.