அட்டை வீட்டின் ஜன்னல்



ஆகமன காலம் தொடங்கிவிட்டது. குடில் பெட்டி பரணிலிருந்து இறங்குகிற நாட்கள் இவை. இந்த வாரம் உங்களோடு பேச நான் எடுத்துக்கொண்ட பொருள், அமெரிக்க தேசத்துக் குடும்பங்கள் கிறிஸ்மஸ் மரத்தடியில் வைக்கும் சின்னஞ்சிறு அட்டை வீடுகளும், அவற்றின் கிழிந்த ஜன்னல்களுக்குப் பதிலாகப் புது ஜன்னல் செய்கிறவர்களும். ‘சுவாமியாருக்குப் பிரசங்கம் செய்ய வேறு விஷயம் அகப்படவில்லையா?’ என்று சிலர் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. சற்றுப் பொறுங்கள்.

அந்நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில் பெத்லேம் என்றே ஓர் ஊர் உண்டு. மொரேவிய சபையார் 1741-ல் அதை ஸ்தாபித்தார்கள். அவ்வருஷம் கிறிஸ்து பிறப்பின் முன்னிரவில், சின்ஸண்டார்ப் பிரபு அவர்களோடு இருந்தபோது, அந்தப் பெயர் சூட்டப்பட்டது. (இதே சபையார் 1760-ல் நமது தரங்கம்பாடிக்கும் வந்து தோட்டமும் வீடும் அமைத்துச் சுமார் நாற்பது வருஷம் இருந்தார்கள்.) அவர்கள் நம் திருச்சபையைச் சேர்ந்தவர்களல்லர், என்றாலும் குடில் ஜோடிப்பதில் அவர்களுக்குள்ள பக்தி நம்மை வெட்கப்படுத்தும். பாசி, கல், மரக்கிளை எல்லாம் கொண்டுவந்து, மாட்டுக்கொட்டிலைச் சுற்றி ஒரு கிராமத்தையே உண்டாக்குவார்கள். அலங்கரிப்பது என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லிலிருந்து அதற்குப் ‘புட்ஸ்’ என்று பெயர். வழக்கம் மற்றவர்களிடமும் பரவிற்று. மரத்தடிக் கிராமத்துக்கு வீடுகள் வேண்டியிருந்தன.

1920-களின் கடைசியிலிருந்து அந்த வீடுகள் ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்தன. சில அங்குல உயரம்தான். அட்டையைக் கையால் மடித்து ஒட்டிச் சாயம் பூசி, பனிக்குக் காக்காப்பொன் தூள் தூவி, பீர்க்கங்கூட்டுக்குப் பச்சைச் சாயம் ஏற்றி மரமென்று வாசலில் நட்டிருப்பார்கள். ஜன்னலுக்குச் செலோபேன் என்னும் வர்ணக் கண்ணாடிக் காகிதம். கோவில் வடிவமாயிருந்தால், ஒளி ஊடுருவும் காகிதத்தில் அச்சிட்ட சித்திர ஜன்னல். பின்சுவரில் ஒரு வட்டத் துளை. அதன் வழியே மின்விளக்கைச் செருகினால் வீடு முழுதும் ஒளிரும். உல்வொர்த் போன்ற மலிவுக் கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைத்தன. ஜப்பானியரில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆகையால், அநேகமாக நடுச்சாமப் பூசையை ஒருநாளும் காணாத கைகளே இந்தப் பெத்லேமைக் கட்டின!

1941-ம் வருஷம் டிசம்பர் 7-ல் பேர்ல் துறைமுகத்தின்மேல் குண்டு விழுந்தது. கிறிஸ்மஸுக்குப் பதினெட்டே நாள். அட்டை வீடுகளின் அடியிலோ ‘ஜப்பானில் செய்தது’ என்ற முத்திரை. மகனைப் போருக்கு அனுப்புகிற தாய் அவ்வருஷம் பெட்டியைத் திறந்தபோது என்ன செய்திருப்பாள்? எடுத்து வைத்தாளா, எறிந்துவிட்டாளா? எறிந்தவளை நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் வைத்தவர்களும் இருந்தார்கள். இல்லாவிட்டால் போருக்கு முந்திய வீடுகள் இன்றைக்கு மிஞ்சியிருக்குமா? போர் முடிந்தபின் 1952 வரை, ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது’ என்ற முத்திரையோடு ஜப்பானியச் சரக்குகள் மறுபடி வந்தன. பிறகு பிளாஸ்டிக் வீடுகள் வந்து அட்டையைத் தள்ளிவிட்டன.

எண்பது தொண்ணூறு வயதான அந்த வீடுகளில் சுவர் நிற்கிறது, கூரை நிற்கிறது. ஜன்னல்தான் முதலில் போகிறது. செலோபேன் மரக்கூழிலிருந்து செய்யப்படுவது. வருஷங்கள் போகப் போக அதிலுள்ள ஈரப்பசை வற்றும், சுருங்கும், தொட்டால் நொறுங்கும். அந்தக் காலத்து விளக்கின் சூடு வேறு. குழந்தையின் விரல் வேறு. ஜன்னல் இருக்கும் இடத்தில் விரலால் குத்திப் பார்க்காத குழந்தை உலகத்தில் உண்டா?

ஜன்னல் கிழிந்த வீட்டில் விளக்கேற்றிப் பாருங்கள். வெளிச்சம் குறையாது, கூடவே செய்யும். ஆனால் கண்ணில் படுவது வீடல்ல. குமிழ், கம்பி, பழைய பசைக் கறை. உள்ளே யாரோ குடியிருக்கிறார்கள், அடுப்பு எரிகிறது, கதவைத் தட்டினால் திறப்பார்கள் என்று தோன்றச் செய்த அந்த மங்கிய மஞ்சள் ஒளி போய்விடுகிறது. ஜன்னல் ஒளியை உண்டாக்குவதில்லை. அதை வாங்கி, வீட்டின் நிறத்தோடு வெளியே விடுகிறது. ஸ்நாபக அருளப்பரைப் பற்றிச் சுவிசேஷம் சொல்வது இதுதானே? அவர் ஒளியல்ல, ஒளிக்குச் சாட்சி. தேவமாதாவின் கன்னிமையை விளக்க வந்த திரிதெந்து சங்கத்தின் ஞானோபதேச நூலும் (1566) சூரிய கிரணம் கண்ணாடியை உடைக்காமல் ஊடுருவிச் செல்வதையே உவமையாகக் காட்டுகிறது. நம் மூதாதையர் ஜன்னலை அற்பமாக எண்ணவில்லை.

இனி, புது ஜன்னல் செய்யும் விதத்தைக் கேளுங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே. பழைய ஜன்னல் ஒன்றாவது முழுசாக இருந்தால் அதைப் பிய்க்காமல் மாதிரியாக வைத்துக்கொள்கிறார்கள். இக்காலத்தில் ஸ்கேனர் இருக்கிறது. படமெடுத்து, கம்ப்யூட்டரில் கீறல்களைத் துடைத்து, மெல்லிய டிரேசிங் பேப்பரில் அதே அளவில் அச்சிடுகிறார்கள். வெறும் வர்ணக் காகிதமானால் துவாரத்தைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி உட்புறமாக ஒட்டவேண்டும். கை நுழையாது. விளக்குத் துளை வழியாக இடுக்கியை விட்டு ஒட்டவேண்டும். அல்லது மெல்லிய கத்தியால் அடித்தட்டைப் பதமாகப் பிரிக்கவேண்டும். நிறம் எப்படித் தெரியும்? துவாரத்தில் தெரியும் பாகம் வெளுத்துப்போயிருக்கும். அட்டைக்குப் பின்னால், பசைக்கடியில், வெளிச்சம் படாத ஓரத்தில் பழைய சிவப்பு அப்படியே இருக்கும். அந்த ஓரத்தைப் பார்த்துத்தான் நிறம் தேர்கிறார்கள்.

அவசரக்காரர்கள் ஒன்று கிழிந்தால் நான்கையும் பிடுங்கிப் புதிதாக ஒட்டுகிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. நல்ல வேலைக்காரர் கிழிந்ததை மட்டும் மாற்றுகிறார். பழைய கத்தி கோணலாய்ப் போயிருந்தால் அந்தக் கோணலையும் அப்படியே விடுகிறார். யோசித்துப் பாருங்கள்: பெயர் தெரியாத ஒரு ஜப்பானிய மனிதர் கத்தி ஓட்டிய அதே கோட்டில், அவருடைய தேசத்தோடு போரிட்டவர்களின் பேரன் இன்று தன் கத்தியை ஓட்டுகிறான். சமாதானத்தைப் பற்றி இதைவிட நல்ல பிரசங்கம் நான் செய்ததில்லை.

இன்னொன்று. மாற்றியது எத்தனை அழகாயிருந்தாலும் மாற்றியது மாற்றியதே. நேர்மையானவர்கள் வீட்டின் அடியில் பென்சிலால், ‘ஜன்னல் புதிது, இன்ன வருஷம்’ என்று எழுதி வைக்கிறார்கள். ஆதி ஜன்னலோடு கூடிய வீட்டுக்கு விலை அதிகம். எழுதாமல் விற்கிறவனுக்கு ஏழாம் கற்பனையை ஞாபகப்படுத்தவேண்டும். விற்காதவர்களுக்கும் இதில் சங்கதி உண்டு. நம் குடும்பங்களில் அண்ணன் தம்பிக்குள், மாமியார் மருமகளுக்குள் ஏதோ கிழிகிறது. திருநாள் வருகிறதென்று ஒரு புன்சிரிப்பை ஒட்டி மூடிவிடுகிறோம். கிழிந்ததென்று வாய்விட்டுச் சொல்வதில்லை. அப்படி ஒட்டியது மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும் நிற்காது. ‘அண்ணா, அன்றைக்கு நான் பேசியது தப்பு’ என்று சொல்லி ஒட்டியது நிற்கும். பழையதுபோல் இராது, இருந்தாலும் ஒளியை வெளியே விடும்.

பழைய பசையைச் சுரண்டி எடுக்காமல் புதுக் காகிதம் ஒட்டாது என்பதையும் அந்த வேலைக்காரர்கள் சொல்வார்கள். கிறிஸ்மஸுக்கு முந்திய சனிக்கிழமை மாலை 4 மணி முதல் நான் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருப்பேன். கடைசி மணி நேரத்தில் கூட்டம் அதிகமாயிருக்குமாகையால், வயதானவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் சீக்கிரமே வந்துவிடுங்கள்.

உங்கள் பங்குக் குருவானவர்