எண்ணிக்கையும் எல்லையும்

இல்லறத்தார்க்குரிய ஐந்து அனுவிரதங்களுள் இறுதியாக வைக்கப்பட்டது பொருள் வரைதல். வடமொழியில் இதனைப் பரிக்கிரக பரிமாணம் என்பர். துறவியைப் போல அனைத்தையும் விடுதல் இல்லறத்தானுக்கு இயலாது. ஆதலின் நிலம், வீடு, வெள்ளி, பொன், கால்நடை, தானியம் முதலிய ஒவ்வொன்றிலும் ‘இவ்வளவு போதும்’ என்று தானே எல்லை வகுத்துக்கொள்வது அவனது நோன்பாகும். முன்னோர் கூறிய இப்பட்டியலில், இன்று நம் பிள்ளைகளின் அலமாரியில் சேரும் படக் கார்டுகளை எங்கே வைப்பது?

வந்தவாசி, ஆரணி, போளூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து படிப்பும் உத்தியோகமும் கருதித் திருவண்ணாமலை நகரில் குடியேறிய நம் குடும்பங்களுக்கும் இவ்வினா அயலன்று. முன்பு பபுள்கம் உறையோடு வந்த கிரிக்கெட் படங்களைச் சிறுவர் சேர்த்தனர், கூட்டாளிகளோடு மாற்றிக்கொண்டனர். 1993இல் அமெரிக்காவில் ‘மேஜிக்’ என்னும் கார்டு விளையாட்டும், 1996இல் ஜப்பானில் ‘போகிமான்’ கார்டுகளும் தோன்றின. பின்னர் விளையாட்டுப் பொருள் முதலீட்டுப் பொருளாயிற்று.

இன்று இதற்கெனச் செல்பேசி மென்பொருள்கள் உள்ளன. கார்டைக் காமிராவின் முன் காட்டினால், அது எந்தத் தொகுதியைச் சேர்ந்தது, எத்தனையாவது எண் என்று அறிந்து பதிவு செய்கின்றன. அண்மைய விற்பனை விலைகளோடு ஒப்பிட்டுச் சேகரிப்பு முழுவதற்கும் மதிப்புக் கூட்டுகின்றன. ஏற்றத்தாழ்வை வரைபடமாக வரைகின்றன. தொகுதி நிறைவுற இன்னும் எத்தனை கார்டுகள் குறைகின்றன என்பதையும் தவறாது அறிவிக்கின்றன.

இக்கருவியைக் குற்றம் சொல்வதற்கில்லை. கணக்கில்லாதவன் எல்லை வகுக்க இயலாது. தன்னிடம் உள்ளது இன்னதென்று அறிவதே பொருள் வரைதலின் முதற்படி. அவ்வகையில் இம்மென்பொருள் நோன்புக்குத் துணையே.

ஆயினும் ஓர் ஐயம் எழுகின்றது. ஒருவன் இருநூறு கார்டுகளே போதும் என வரைந்துகொண்டான் எனக் கொள்வோம். எண்ணிக்கை கூடவில்லை, விலை மட்டும் பன்மடங்கு ஏறிற்று. அவன் நோன்பு பிழைத்ததா? அமெரிக்காவின் டாப்ஸ் நிறுவனம் 1952இல் வெளியிட்ட மிக்கி மேன்டில் என்னும் பேஸ்பால் வீரரின் கார்டு ஒன்று 1991இல் 50,000 டாலருக்கு விற்றது. அதே கார்டு 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அவ்வாண்டுத் தொகுதியில் விற்காது தேங்கிய பெட்டிகளை 1960இல் கடலில் கொட்டிவிட்டதாக அந்நிறுவனத்தின் சை பெர்கர் பின்னாளில் கூறினார். ஒரு நாள் குப்பை, ஒரு நாள் பெருநிதி; காகிதமோ அதே காகிதம்.

ஆகவே பற்று பொருளில் இல்லை. தத்துவார்த்த சூத்திரம் பரிக்கிரகத்துக்கு இலக்கணம் கூறுங்கால் பொருளைச் சுட்டாது, ‘மூர்ச்சை’யாகிய மன மயக்கத்தையே சுட்டுகின்றது. விலை தானே ஏறியதால் எண்ணிக்கை வரைந்தவனின் நோன்பு பிழைக்காது. மதிப்பு வரைந்தவனோ, மிகுந்ததைத் தானமாக்கி நோன்பைக் காக்கலாம். ஆனால் காலை எழுந்தவுடன் வரைபடத்தைப் பார்த்து, ஏறினால் மகிழ்ந்து, இறங்கினால் வாடுபவன், ஒரு கார்டும் புதிதாக வாங்காமலே மூர்ச்சையில் ஆழ்கிறான்.

இதனினும் நுட்பமான இடர் மற்றொன்று உண்டு. ‘இன்னும் பன்னிரண்டு குறைகின்றது’ என்று மென்பொருள் கூறும்போது, அந்த எல்லையை வகுத்தவர் யார்? கார்டுகளை அச்சிட்டு விற்பவர். நிறைவு எதுவென்பதை அவர் தீர்மானிக்க, குறையை நாம் சுமக்கின்றோம். அடுத்த தொகுதி வெளிவந்தவுடன் அந்நிறைவும் கலைந்துவிடும். பிறர் வகுத்த நிறைவு முடிவதில்லை. தானே வகுத்த போதும் என்பதே முடிவுடையது.

போளூருக்கு அண்மையில் உள்ள நம் திருமலையில், முதலாம் இராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று உள்ளது. மல்லியூர் வணிகர் நன்னப்பையனின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்துக்குத் திருவிளக்கு அளித்த செய்தியை அது கூறுகின்றது. அவ்வீட்டில் எவ்வளவு பொருள் இருந்தது என்பதை இன்று யாரும் அறியார். கொடுத்ததே கல்லில் நின்றது. அதுவும் கணக்குத்தான், ஆனால் ஈகையின் கணக்கு.

பெற்றோர் பிள்ளைகளின் செல்பேசியைப் பறிக்க வேண்டுவதில்லை. மென்பொருளில் முதற்கார்டைப் பதியுமுன் ஒரு தாளில் எல்லையை அவர்களே எழுதச் செய்யுங்கள். எண்ணிக்கையும் செலவும் இரண்டும் இருக்கட்டும். எல்லை கடந்து வருவதைத் தோழனுக்குக் கொடுக்கப் பழக்குங்கள். தசலட்சண பர்வத்தில் உத்தம தியாகமும் உத்தம ஆகிஞ்சன்யமும் அடுத்தடுத்து வருகின்றன. அந்நாட்களிலேனும் விலையைப் பாராதிருக்கட்டும். பார்க்காதிருக்க இயல்கிறதா என்பதே நோன்பின் உரைகல்.

கருவி எண்ணட்டும், ‘போதும்’ என்னும் சொல்லை மட்டும் நாமே சொல்வோமாக.