வினையும் சர்க்கரையும்

விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் சூளைக்குப் பொம்மை அடுக்குபவன் நான். வெறும் வயிற்றில் சர்க்கரை 210 என்று வந்ததும் அம்மா சொன்னாள்: "போன பிறவி வினைடா."

எங்கள் ஊர்ச் சிவன் பழமலைநாதரை நம்புகிறவன் நான். அதனாலேயே அதை ஏற்க முடியவில்லை. 1921-ல் டொராண்டோவில் இன்சுலினைக் கண்டறிந்தார்கள். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதலில் போட்டார்கள். அதற்கு முன் இன்சுலின் சுரக்காத பிள்ளைகள் மெலிந்து மெலிந்தே செத்தார்கள். ஒரு மருந்து வந்ததும் அத்தனை பிள்ளைகளின் வினையும் எங்கே போயிற்று? குழந்தையைத் தண்டிக்கும் கடவுளை என்னால் கும்பிட முடியாது.

எனக்கு வந்தது வேறு வகை. இன்சுலின் சுரந்தும் உடம்பு அதற்குச் சரியாக இணங்குவதில்லை. பரம்பரைக்கும் இதில் பங்குண்டு, தொப்பைக்கும் உண்டு.

ஆழத்துப் பிள்ளையார் சந்நிதியில் சர்க்கரைப் பொங்கல் தந்தால் கண்ணில் ஒற்றி, ஒரு பருக்கை வாயில் வைத்து, மீதியைப் பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறேன். பிரசாதத்துக்கு அது குறைவில்லை. இந்த உடம்பும் அவர் தந்ததுதானே!

வெறும் வயிற்றில் சர்க்கரை 126-ஐத் தொட்டால் பரிகாரம் தேடி அலையாதீர்கள். டாக்டரைப் பாருங்கள். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம்.