எல்லையும் மூச்சும்

பிள்ளைகளுக்கு எல்லை வகுத்தல் அவர்தம் வளர்ச்சியைத் தடுப்பதாகுமோ எனக் கள்ளக்குறிச்சிப் பெற்றோர் கேட்பதுண்டு. விடையின் ஒரு கூறு, கல்வராயன் மலையில் உதிர்ந்த பலாவை மொய்க்கும் பழ ஈயின் கருவில் உள்ளது. ஈயிடம் அறம் கற்பதா என நகைக்க வேண்டா.

அதன் மூச்சுக்குழலை அமைக்கும் உயிரணுக்கள், குழலினுள் கைட்டின் என்னும் பொருளைச் சுரந்து ஓர் உருளையை எழுப்புகின்றன. குழலின் பருமனையும் நீளத்தையும் ஒழுங்குபடுத்துவதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. கைட்டினைச் செப்பனிடும் இரு புரதங்கள் இல்லாவிடில் குழல் அளவுமீறி நீண்டு நெளிவதை 2006-இல் ஆய்வாளர் வெளியிட்டனர். ஒன்றுக்குப் ‘பாம்பு போன்றது’ எனப் பொருள்படும் செர்பென்டைன் என்றே பெயர். உயிரணுக்களின் எண்ணிக்கை கூடுவதில்லை. இருப்பவையே மிகையாக நீள்கின்றன.

அங்கே எல்லையை இடுவோர் வளர்பவரே. நம் இல்லங்களில் அவ்வாறு நிகழ்வது அரிது. மற்றொன்றையும் பெற்றோர் மறக்கின்றனர்: முட்டையிலிருந்து புழு வெளிவருமுன் அவ்வுருளை அகற்றப்படுகிறது, அதன் பின்னரே குழலில் காற்று நிறைகிறது.