போயிட்டு வாரேன்

வீட்டை விட்டுப் புறப்படும் தமிழர் எவரும் "போகிறேன்" என்று சொல்லிச் செல்வதில்லை. "போயிட்டு வாரேன்" என்பதே நம்மவர் வழக்கு. பிள்ளை அவசரத்தில் "போறேன்" என்று சொல்லிவிட்டால், வாசலில் இருக்கும் அப்பாயி விடமாட்டார். "போயிட்டு வாரேன்னு சொல்லு" என்று திருத்தியே அனுப்புவார்.

விடியற்காலையில் கொழுந்தெடுக்கப் போகும் தாயும், பாடசாலைக்குப் போகும் பிள்ளையும், கண்டி டவுனுக்குச் சாமான் வாங்கப் போகும் தகப்பனும், பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் துண்டோடு போகும் தாத்தாவும், பெருநாள் விடுமுறையில் பூந்தோட்டம் பார்க்கப் புறப்படும் குடும்பமும் சொல்வது இந்த ஒரே சொல்தான். போவது மனிதன் கையில் உள்ளது. திரும்பி வருவது இறைவன் கையில் உள்ளது. ஆகவே இது வெறும் விடைபெறும் சொல் அன்று. நாள்தோறும் ஒவ்வொரு வாசலிலும் செய்யப்படும் சிறு பிரார்த்தனை ஆகும்.

அந்தப் பிரார்த்தனை சில நாட்களில் நிறைவேறாமல் போகிறது. போனவர் வருவதில்லை. அப்போது "அம்மனை இத்தனை நாள் கும்பிட்டும் என் பிள்ளைக்கு ஏன் இப்படி?" என்று ஒரு தாய் கேட்கிறாள். அந்தக் கேள்வியைத் தெய்வ நிந்தனை என்று தள்ளிவிடலாகாது. நமது நூல்களே அந்தக் கேள்வியை நேர்முகமாக எதிர்கொள்கின்றன.

வாழை இலைக்குப் போன பிள்ளை

சோழ நாட்டிலே திங்களூர் என்னும் ஊரில் அப்பூதி அடிகள் என்னும் அந்தணர் வாழ்ந்தார். திருநாவுக்கரசரை நேரிலே காணாமலே அவர்மீது பேரன்பு கொண்டவர். தம் பிள்ளைகளுக்கும், பசுக்களுக்கும், வழிப்போக்கருக்காக அமைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும் அவருடைய பெயரையே இட்டிருந்தார். அப்பர் சுவாமிகள் அவ்வூருக்கு வந்தபோது அமுது செய்ய அழைத்தார். அடுப்படியில் சமையல் நடக்கிறது. தோட்டத்தில் வாழை இலை அரிந்து வரும்படி மூத்த பிள்ளையை அனுப்புகிறார்கள். எந்த வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லும் சின்ன வேலைதான்.

அங்கே அரவம் தீண்டியது. விஷம் தலைக்கேறுமுன் இலையைக் கொடுத்துவிட வேண்டுமென்று பிள்ளை ஓடி வந்து தாயின் கையில் இலையைத் தந்துவிட்டு வீழ்ந்து இறந்தான். அடியவர் உண்ணாமல் போய்விடுவாரே என்று பெற்றோர் உடலை மறைத்து வைத்து இலை போட்டனர். திருநீறு கொடுக்க மூத்த மகனை அழைக்கும்படி அப்பர் கேட்டபோதுதான் உண்மை வெளிப்பட்டது. சுவாமிகள் உடலை ஆலயத்தின் முன் கொண்டுவரச் செய்து பதிகம் பாடினார். பிள்ளை உறங்கி எழுந்தவன்போல் எழுந்தான்.

இந்த வரலாற்றில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. தோட்டத்துக்கு அனுப்பியது பெற்றோர். ஆயினும் "நீ ஏன் அவனை அனுப்பினாய்?" என்று அந்த வீட்டில் ஒருவரை ஒருவர் கேட்டதாகச் சேக்கிழார் சுவாமிகள் எங்கும் கூறவில்லை. துக்கத்தின் நடுவிலும் கணவனும் மனைவியும் ஒரே மனமாக நின்றார்கள்.

திரும்பி வராதவர்கள்

அந்தப் பிள்ளை எழுந்தான். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் எழுவதில்லை. இதை அப்பரைவிட நன்கு அறிந்தவர் யார்? திருவாமூரில் மருள்நீக்கியார் என்னும் பெயரோடு அவர் சிறுபிள்ளையாய் இருந்த காலத்தில் தந்தை புகழனார் நோயினால் மறைந்தார். தாய் மாதினியாரும் உடன் உயிர் நீத்தார். தமக்கை திலகவதியாருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த கலிப்பகையார் போருக்குப் போனவர், போர்க்களத்திலேயே மடிந்தார். அன்று பதிகம் பாடி எழுப்ப யாரும் வரவில்லை. தாமும் உயிர்விடத் துணிந்த திலகவதியாரின் காலில் விழுந்து தம்பி அழுதார். அந்தத் தம்பிக்காக அவர் உயிர் தாங்கினார்.

துயரிலிருந்து சற்றுத் தெளிந்தபின் மருள்நீக்கியார் செய்தது என்ன? வாழ்வின் நிலையாமையை உணர்ந்து அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தல்களும் அமைத்தார். பின்னாளில் திங்களூரில் அவர் கண்டதும் தம் பெயரால் அமைந்த ஒரு தண்ணீர்ப் பந்தலையே. பெற்றோரை இழந்த பிள்ளையின் கண்ணீர் பிறருடைய தாகத்துக்குத் தண்ணீராயிற்று. எழுந்த பிள்ளையையும் எழாத பெற்றோரையும் ஒரே பெரிய புராணத்தில் வைத்திருப்பதன் பொருள் இதுவே. இறந்தவர் திரும்பாத வீட்டை இறைவன் கைவிட்டுவிட்டான் என்பது பொருளன்று.

கண்டி மாநகரில் ஆண்டுதோறும் நடைபெறும் எசல பெரஹராவில் நாத, விஷ்ணு, கதிர்காம தேவாலயங்களின் ஊர்வலங்களை அடுத்துப் பத்தினி தேவாலய ஊர்வலம் வருகிறது. அந்தப் பத்தினி நம் கண்ணகித் தாயே. மதுரைக்கு வெளியே ஆயர் சேரியில் சமைத்து, வாழை இலையில் கணவனுக்கு அமுது படைத்து, சிலம்பு விற்று வர அனுப்பினாள். கோவலன் திரும்பவில்லை. அப்படிக் காத்திருந்து ஏமாந்த ஒரு பெண்ணையே இந்நாட்டில் தமிழரும் சிங்களவரும் தாயாக வைத்து வணங்குகின்றனர்.

இம்மலைநாட்டின் கதை

இந்த மலைநாட்டு மக்களின் வரலாறே போய் வருகிறேன் என்ற சொல்லோடு தொடங்கியது. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே நடந்து மாத்தளைக்கும் கண்டிக்கும் வந்தவர்கள், ஊரில் உள்ள தாய் தகப்பனிடம் அப்படிச் சொல்லித்தான் புறப்பட்டார்கள். வாந்திபேதியில் வழியிலேயே விழுந்தவர் பலர். பின்னர் 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தினால் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அண்ணன் ஒரு நாட்டிலும் தங்கை ஒரு நாட்டிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாருக்குச் செல்லும் கோச்சி புறப்படும் வேளையில் நிலையங்களில் எழுந்த அழுகுரலை இன்றும் முதியவர்கள் மறக்கவில்லை. 1984 இல் கப்பலும் நின்றுபோனது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மண்சரிவினால் மிகுந்த உயிரிழப்பைக் கண்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. தூங்கப் போனவர்கள் விடியலைக் காணவில்லை.

இல்லறத்தார் கைக்கொள்ள வேண்டியவை

ஒன்று. கோபத்தோடு யாரையும் வாசல் தாண்ட விடக்கூடாது. காசுக்காகவோ, குடிக்காகவோ, பிள்ளையின் படிப்புக்காகவோ வாக்குவாதம் வருவது இயல்பு. அதை மாலையில் பேசிக்கொள்ளலாம். புறப்படுபவர் நெற்றியில் திருநீறு பூசி, "பார்த்துப் போயிட்டு வா" என்று அனுப்பிவைப்பதே முறை.

இரண்டு. மரண வீட்டிலே குற்றம் தேடலாகாது. "நீ அனுப்பியிருக்கக் கூடாது", "அன்றைக்கே சொன்னேன்", "எல்லாம் முன்வினை" என்று துக்கம் விசாரிக்கச் சென்ற இடத்தில் சொல்லும் வார்த்தைகள் பாம்பின் பல்லைவிடக் கொடியவை. அங்கே பக்கத்தில் இருப்பதும், அடுப்பெரியாத வீட்டுக்குச் சோறு கொண்டுபோவதும், கருமாதி முடிந்த பிறகும் அந்த வாசலை எட்டிப் பார்ப்பதுமே சைவம்.

மூன்று. பயணம் புறப்படும்போது கணவனை இழந்த பெண் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று திரும்பும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. கல்யாண வீட்டிலும் அவர்களை ஒதுக்கி வைக்கிறார்கள். இது அறியாமை. கலிப்பகையாரை இழந்த திலகவதியாரே திருவதிகை வீரட்டானத்தில் விடியுமுன் அலகிட்டு, மெழுகி, மாலை தொடுத்துத் தொண்டு செய்தார். சூலை நோயால் துடித்து வந்த தம்பிக்கு அவர் கையால் கொடுத்த திருநீறே சைவ உலகுக்கு அப்பரைத் தந்தது. அந்தக் கை அபசகுனமானால் தேவாரம் ஏது? பிள்ளை பரீட்சைக்குப் போகும் நாளில் அத்தகைய தாயின் கையால் திருநீறு வாங்கிப் போகட்டும். அதைவிடப் பெரிய சகுனம் வேறில்லை.

திருவிழாக் காலத்தில் ஆலய வாசலில் தாகசாந்தி நிலையம் அமைத்து மோரும் சர்பத்தும் வழங்குகிறார்கள். அவற்றுட் சில, இறந்துபோன மகனின் பெயரிலோ தாயின் பெயரிலோ நடப்பவை. அந்தக் குவளையை வாங்கிக் குடிப்பவர் அந்தப் பெயரை ஒருமுறை படித்துவிட்டுக் குடித்தால் போதும். மருள்நீக்கியார் தொடங்கிய பந்தல் இன்னும் கலையவில்லை என்பது விளங்கும்.

நாளை காலையிலும் ஒவ்வொரு வாசலிலும் அந்தச் சொல் ஒலிக்கும். சொல்பவர் மனதார அம்பாளை நினைத்துச் சொல்லட்டும். கேட்பவர் கைவேலையை ஒரு கணம் நிறுத்தி முகம் பார்த்து விடை கொடுக்கட்டும். போனவர் நலமாய் வர அவள் துணையிருப்பாளாக. வராதவரின் வீட்டுக்கு அயலவரின் உருவில் அவளே வந்து அமர்வாளாக.

திருச்சிற்றம்பலம்